சுவீடன்காரரிடம் கேள்வி கேட்டவர்

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நான் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன் என்பது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பரமட்டா ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு காப்பீட்டு நிறுவனம். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கிற நிமிடத்தில் உலகத்துக் கணினிகள் எல்லாம் குழம்பிவிடும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த வருடம் அது. அந்தப் பயத்தின் புண்ணியத்தில் சென்னையிலிருந்து சிட்னிக்கு வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஆறரை என்றேன். எந்த ரயில் பிடிக்கிறேன், அதற்கு முந்தின ரயிலை ஏன் பிடிப்பதில்லை, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், யார் சமைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் உயரவில்லை. அவசரமும் இல்லை. ஒரு பதில் வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து அதை உள்ளே வாங்கிக்கொள்வார். பிறகு அடுத்த கேள்வி வரும். மதியச் சாப்பாடு முடிவதற்குள், சென்னையில் நிச்சயமாகி நின்றுபோன என் கல்யாணத்தைப் பற்றி அவரிடம் முழுதாகச் சொல்லியிருந்தேன். என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பனுக்குக்கூட அது தெரியாது. கை கழுவப் போனபோது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, இதையெல்லாம் எதற்குச் சொன்னோம் என்று யோசித்தேன்.

அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்தைந்தில் மனைவியோடும் ஒன்பது வயது மகளோடும் வந்தவர். கிளெய்ம் பிரிவில் வேலை. திருட்டு, தீ, வெள்ளம் என்று இழப்பீடு கேட்டு வருகிற விண்ணப்பங்களில் சந்தேகமானவை அவர் மேசைக்கு வரும். கராஜ் எரிந்துபோனது என்று வந்த ஒரு மனிதரை ஒரு முறை அவர் விசாரித்தபோது, அடுத்த மேசையில் கணினி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம், எல்லாம் சாதாரணக் கேள்விகள். நாய் அப்போது எங்கே கட்டியிருந்தது, துணி காய்ந்துகொண்டிருந்ததா என்பது போல. கடைசியில் அந்த மனிதர் தானாகவே விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்து போனார். போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. இவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. "பாவம், மனுசி விட்டிட்டுப் போட்டாளாம்" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குக் கோபமே வராதா என்று கேட்டேன். "முதல்ல விளங்கட்டும் தம்பி. விளங்கின பிறகு கோபிப்பம்" என்றார். இதை அடிக்கடி சொல்வார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. என் வீட்டில் முதலில் கோபம், பிறகும் கோபம்தான்.

அவரை 'சார்' என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். இருபத்தைந்து வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. கடைசியில் அவர்கள் ஊர் வழக்கப்படி 'அண்ணை' என்று பழகிக்கொண்டேன்.

ஜூலை மாதம் ஒரு சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இந்தக் கொம்பியூட்டரில சுவீடன்காரரோட கதைக்க ஏலுமோ?"

"எந்த சுவீடன்காரர், அண்ணை?"

"ஆரெண்டாலும் சரி."

ஏதோ கிளெய்ம் விஷயம் என்று நினைத்தேன். ஐந்தரைக்கு மேல் அலுவலக இணையத்தைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் எங்கள் மேலாளர் கண்டுகொள்ளமாட்டார். ஆங்கிலம் பழக விரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் கூடுகிற ஓர் அரட்டை அறையைத் தேடிப் பிடித்தேன். எங்களுக்கு மாலை என்றால் அங்கே காலை. காலைக் காபியோடு வந்து உட்காருகிற சுவீடன்காரர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களில் பிரிட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை இவரோடு ஒட்டிக்கொண்டாள். வடக்குச் சுவீடனில், வருடத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் ஓர் ஊர்.

இரண்டு விரலால் தட்டுவார். முதல் வாரம் முழுக்க ஒரே சங்கடம். இவர் ஒரு கேள்வியை அனுப்புவார். பதில் நாலைந்து நிமிடம் வராது. கோபித்துக்கொண்டாளோ என்று என்னைப் பார்ப்பார். உடனே மன்னிப்புக் கேட்டு இன்னொரு வரி அனுப்புவார். அதற்கும் பதில் வராது. பிறகு இரண்டுக்கும் சேர்த்து ஒழுங்காக நாலு வரி வரும். யோசித்துவிட்டுத்தான் எழுதுவேன், யோசிக்கும்போது குறுக்கே பேசினால் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் பிரிட் எழுதினாள். அன்றிலிருந்து கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகினார்.

சுவீடனுக்கென்று ஒரு ஃபைலே திறந்தார். கிளெய்ம்களுக்குப் பயன்படுத்தும் அதே மஞ்சள் அட்டை, மேலே தமிழில் 'சுவீடன்'. அங்கே டொக்டரையும் வாத்தியாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் யாரும் வீட்டுக்குள் போவதில்லை. இதைப் படித்தபோது, "எங்களை மாதிரித்தான்" என்று அவர் முகம் மலர்ந்தது. குழந்தைகளுக்கு இனிப்பு சனிக்கிழமையில் மட்டும். அடுக்குமாடி வீடுகளில் துணி துவைக்கிற அறைக்கு நேரம் குறித்துவைக்க வேண்டும், அடுத்தவர் நேரத்தில் துவைத்துவிட்டால் அது பெரிய குற்றம். பிரிட்டின் ஊர்ப்பக்கம் 'ஆம்' என்று சொல்வதற்கு வாயைத் திறப்பதுகூட இல்லையாம், மூச்சை ஒரு முறை உள்ளே இழுத்தால் ஆம் என்று அர்த்தமாம். மறுநாள் லிஃப்டில் அவர் தனியாக அதைப் பழகிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

'சம்போ' என்ற சொல்லில்தான் அவர் நெடுநாள் நின்றார். கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயர். அது ரகசியமில்லை, வெட்கமில்லை, அதற்கென்று சட்டமே இருக்கிறது என்று பிரிட் சொன்னாள். அவளும் அப்படித்தான் முப்பது வருடம் ஒருவரோடு வாழ்ந்து அவரை அடக்கம் செய்தவள். இவர் அதைப் பற்றி இருபது கேள்வியாவது கேட்டிருப்பார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் அவள் இவரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இது அவரை உறுத்தியது. ஏன் என்று அவளிடமே கேட்டார்.

வழக்கமான நாலு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "சொல்ல விரும்பினால் நீங்களே சொல்வீர்கள். ஒருவருக்குக் கஷ்டம் என்று தெரிந்தால் நாங்கள் காபி ஊற்றிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். கேட்பது, பூட்டிய கதவைத் திறந்து பார்ப்பது போல."

அவர் அதை மூன்று முறை படித்தார். "எங்கட ஆக்கள் கேக்காட்டி, எங்களில அக்கறை இல்லை எண்டெல்லோ நினைப்பம்" என்றார். ஃபைலில் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அவருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை. நார்த்மீட்டில் இருந்த அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது அவர் மனைவிதான் சொன்னார். அவரை நான் அக்கா என்பேன். முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. பேச்சிலும் நடையிலும் வேகம். குசினியில் எனக்கு இடியப்பத்தைப் போட்டுக்கொண்டே, "இவர் உம்மோட இருந்து சுவீடன்காரரோட கதைக்கிறாராமே, ஏனெண்டு சொன்னவரோ?" என்றார். இல்லை என்றேன். அகப்பையை வைத்துவிட்டார்.

மகள் சுபா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வருடப் படிப்புக்காக சுவீடன் போனவள். வருடம் முடிந்தும் வரவில்லை. யோனாஸ் என்ற ஒரு சுவீடன்காரனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்று ஃபோனில் சொன்னாள். "நான் கத்தினன், அழுதன். அதோட எனக்கு முடிஞ்சுது. இவர் கத்தேல்லை. ஃபோனை வாங்கி ஒண்டரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். வீடு ஆரின்ர பேரில, எத்தினை அறை, அவன் எத்தினை மணிக்குப் போவான், வருவான் எண்டு. கடைசியா அவள் ஒண்டும் சொல்லாமல் வச்சிட்டாள். இப்ப நம்பரும் மாத்திப்போட்டாள். எட்டு மாசம்." முன்னறையில் அவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் அவர் வேறோர் உதவி கேட்டார். சண்டை வருமுன், நல்ல நாட்களில் சுபா ஃபோனில் சொல்லியிருந்தாள், யோனாஸுக்குப் பறவைகள் என்றால் பைத்தியம், அதற்கென்று ஓர் இணையப் பக்கமும் அரட்டை அறையும் வைத்திருக்கிறான் என்று. அந்த அறையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போவதற்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அவர் யோசித்து, "ஆல்பர்ட் எண்டு போடும்" என்றார்.

என் கை நின்றது. பொய்ப் பெயரில் போவது சரியா என்று கேட்டேன்.

"நான் சண்டைக்குப் போகேல்லைத் தம்பி. அவன் ஆரெண்டு விளங்க வேணும். அவ்வளவுதான்."

நான் தட்டினேன். அந்தப் பெயரைத் தட்டியது என் விரல்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை.

சிட்னியில் இருக்கிற ஆல்பர்ட், ஓய்வுபெறப் போகிறவர், பறவை பார்ப்பதில் புதியவர். யோனாஸ் சந்தோஷமாக வரவேற்றான். ஆஸ்திரேலியப் பறவைகளைப் படத்தில் மட்டுமே பார்த்தவன் அவன். அவனுக்குச் சொல்வதற்காக இவர் நிஜமாகவே பறவை பார்க்கத் தொடங்கினார். பைனாகுலர் வாங்கினார். ஞாயிறு காலைகளில் பரமட்டா ஏரிக்கரைக் காட்டுக்குப் போனார், இரண்டு முறை என்னையும் இழுத்துக்கொண்டு. செப்டம்பரில் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று அவர் தலையைக் கொத்தி ரத்தம் வந்தது. அதை அவர் யோனாஸிடம் எழுதியபோது அவன் சிரித்த சிரிப்பு ஒரு வரி முழுக்க நீண்டது. புதருக்குள்ளிருந்து சவுக்கைச் சொடுக்கினாற்போல ஒரு பறவை கூவும், உடனே இன்னொரு பறவை இரண்டு சின்னச் சத்தத்தில் பதில் சொல்லும், கேட்கிறவர்களுக்கு ஒரே பறவை என்று தோன்றும் என்று இவர் எழுதினார். அதை யோனாஸ் மிகவும் ரசித்தான்.

நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யோனாஸுக்கு இருபத்தேழு வயது. ஊமியோ என்ற ஊரில் நூலகத்தில் வேலை. நிதானமானவன், எதையும் கூட்டிச் சொல்லாதவன். இவருக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். இன்னும் கொஞ்சம் விளங்கட்டும் என்றார். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது.

பயந்தபடி எந்தக் கணினியும் நிற்காமல் புதுவருடம் பிறந்தது. என் வேலையை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்தார்கள். ஜனவரிக் கடைசியில் ஒரு சாயங்காலம், வாத்துக் கூட்டம் ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த யோனாஸ், இடையில் ஒரு வரி எழுதினான். "என் துணைவி உங்கள் ஊர்க்காரி, சிட்னியில் வளர்ந்தவள். ஜூன் மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டுக்கொண்டு, வாழ்த்துகள் என்று இரண்டு விரலால் தட்டினார். பிறகு அந்த வாத்துகள் எந்தத் திசையில் போயின என்று கேட்டார்.

"அக்காவிட்ட சொல்லுங்க, அண்ணை" என்றேன், ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது. "எப்பிடித் தெரியுமெண்டு கேப்பா" என்றார். சொல்லவில்லை. இரண்டு வாரம் அவர் அதை வைத்துக்கொண்டு நடமாடினார். அந்த நாட்களில் அக்கா ஒரு முறை ஏதோ விஷயமாக அலுவலகத்துக்கு ஃபோன் செய்தபோது, நான் எடுத்துவிட்டு, பேச்சு வளர்ந்தால் உளறிவிடுவேன் என்று, எனக்கு வேலை அதிகம் எனப் பொய் சொல்லி ஃபோனை வைத்தேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை.

அன்றைக்கு அவர் பறவைகளைப் பற்றி எழுதவே இல்லை. உன் துணைவியின் பெற்றோருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, சொல்லப் பயப்படுகிறாள் என்று வந்தது. அப்பா அடிப்பாரா என்று கேட்டார்.

வழக்கத்தைவிட நீண்ட பதில் வந்தது. "ஒரு நாளும் அடித்ததில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. கேள்வி கேட்பாராம். பதினாறு வயதில் தோழி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருக்கிறாள். மேசையில் உட்கார வைத்து, யார் யார் வந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று மூன்று மணி நேரம் கேட்டாராம். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் எழுந்தபோது, பொய் சொல்லிப் பிடிபட்டவள் போல இருந்ததாம். அடித்திருந்தால் பரவாயில்லை என்கிறாள். நான் அவளிடம் எதையும் கேட்பதில்லை. முதல் வருடம் அதற்காகவே அழுதாள், எனக்கு அன்பில்லை என்று. இப்போது அவளாகவே சொல்கிறாள்."

நான் அவரைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அவர் தட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவளுடைய நன்மைக்காகத்தானே கேட்டிருப்பார். அன்றைக்கு அவளை யார் காரில் கொண்டுவந்து விட்டார்கள் என்று உன்னிடம் சொன்னாளா. அவன் குடித்திருந்தான் என்பதைச் சொன்னாளா. ஒன்றன் பின் ஒன்றாக.

"அண்ணை, போதும்" என்று அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். அதை மெதுவாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். கீழே தெருவில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"ஆல்பர்ட், நான் உங்களை ஒன்று கேட்கலாமா?"

கேள் என்று தட்டினார்.

"நீங்கள் சுபாவின் அப்பாவா?"

ஐந்து மாதத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பெயரை அதுவரை அவன் எழுதியதே இல்லை. இல்லை என்று போடுங்கள், இப்போதைக்கு இல்லை என்று போடுங்கள் என்று முணுமுணுத்தேன். பறவைக் கதைக்குத் திரும்பிவிடலாம், பிறகு நிதானமாக யோசிக்கலாம் என்றெல்லாம் சொன்னேன் போலிருக்கிறது.

"கேட்டிட்டான். பதில் சொல்லத்தானே வேணும்" என்றார். ஆம் என்று மூன்று எழுத்து ஆங்கிலத்தில் தட்டினார்.

யோனாஸின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

அன்று மாலையே அவர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது, அவருக்கல்ல, எனக்கு. "தம்பி, நீரும் அதில இருந்தனீரோ?" என்றார் அக்கா. ஆமாம் என்றேன். "என்ர மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுதெண்டு எனக்கு முதல் உமக்குத் தெரிஞ்சிருக்கு." ஃபோனை வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஆல்பர்ட் கணக்குக்கு யோனாஸிடமிருந்து சின்னக் கடிதம் ஒன்று வந்தது. "இதை சுபாவிடம் நான் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆனால் அவள் கேட்டால் பொய் சொல்லமாட்டேன்." கீழே வீட்டு முகவரி.

அவர் கையால் கடிதம் எழுதினார். நாலு நாள் மதிய வேளைகளில். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, எப்படி எழுதினாலும் நாலாவது வரியில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது என்றார். கடைசியில் அனுப்பியது ஒரு பக்கம். பொய்ப் பெயரில் வந்தது, அவனிடம் கேட்டது, அவன்மேல் பிழை இல்லை என்பது, பதினாறு வயதில் அந்த மேசையில் நடந்தது தனக்கும் ஞாபகம் இருக்கிறது என்பது. இவ்வளவுதான் இருந்தது என்று சொன்னார்.

ஜூன் வந்து போயிற்று. பிள்ளை பிறந்ததா, தாய் எப்படி இருக்கிறாள், ஒரு தகவலும் இல்லை. யோனாஸிடம் கேட்டுவிடலாமே என்றேன். தலையை அசைத்து மறுத்தார்.

அதன் பிறகுதான் அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். என்னை, அலுவலகத்தில் மற்றவர்களை, யாரையுமே. காரின் பின்னால் இழுத்துப்போகும் காரவன் வண்டி திருட்டுப்போனது என்று வந்த ஒரு விண்ணப்பத்தை ஒரு வார்த்தை விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அது பென்ரித்தில் அந்த ஆளின் தம்பி வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தது. மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். இவர் கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரைத் தேடிச் சந்தேக விண்ணப்பங்கள் வருவது நின்றது.

அக்கா என்னை மன்னித்தாரோ இல்லையோ, செப்டம்பரில் மறுபடி வீட்டுக்குக் கூப்பிட்டார். வாசலிலேயே நிறுத்திச் சொன்னார். "இவரோட கொஞ்சம் கதையும் தம்பி. இப்ப என்னட்டையும் ஒண்டும் கேக்கிறேல்லை. நேற்று நான் ரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தனான். ஏனெண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. தேத்தண்ணியைப் போட்டு முன்னுக்கு வச்சிட்டு இருக்கிறார். எனக்கு விசர் பிடிக்குது."

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆறு மணி இருக்கும், வெளியே வெயில் இன்னும் எரித்துக்கொண்டிருந்தது. அக்கா வேலையிலிருந்து திரும்பவில்லை. நானும் அவரும் முன்னறையில் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஃபோன் அடித்தது. அவருக்கு ஒரு காது மந்தம், அதனால் அந்த ஃபோனில் சத்தம் எப்போதும் கூடுதலாகவே வைத்திருக்கும். எதிர்முனையில் பேசுவது எனக்கும் கேட்டது.

"அப்பா, நான்தான்."

அவர் எழுந்து நின்றார். "ஓம்" என்றார்.

கடிதம் மார்ச்சிலேயே வந்தது, பிரிக்கவில்லை என்றாள். யோனாஸ் அதை அலமாரியின் மேல் வைத்துவிட்டு, படித்தாயா என்று இத்தனை மாதமும் கேட்கவே இல்லையாம். போன வாரம்தான் படித்தாளாம். பொய்ப் பெயரில் வந்தது பெரிய பிழை என்றாள். ஓம் என்றார். மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை என்றாள். அதற்கும் ஓம் என்றார். பிறகு இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். அசைந்தால் ஏதாவது கெட்டுவிடும் போல இருந்தது.

"ஏனப்பா ஒண்டும் கேக்கிறீங்கள் இல்லை?" என்றாள். அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "என்னில கோபமோ?"

"இல்லையம்மா." எட்டி மின்விசிறியை நிறுத்தினார். "ஒண்டு கேக்கலாமோ?"

"ம்."

"அங்க இப்ப வெளிச்சமோ, இருட்டோ?"

அது அவருக்குத் தெரியாததல்ல. டிசம்பரில் அந்தப் பக்கம் எத்தனை மணிக்கு விடியும் என்று பிரிட் பலமுறை எழுதியிருக்கிறாள். காலை எட்டு மணி, இன்னும் இருட்டுத்தான் என்றாள் சுபா. எல்லா வீட்டு ஜன்னலிலும் விளக்கு வைத்திருக்கிறார்கள், தங்கள் ஜன்னலிலும் ஏழு விளக்கு இருக்கிறது, யோனாஸின் அம்மா கொண்டுவந்து வைத்தது, பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் பால் குடிக்கிறாள் என்றாள். அதிலிருந்து அவளாகப் பேசிக்கொண்டே போனாள். பனியில் பிள்ளை வண்டியைத் தள்ளுவது, துணி துவைக்கும் அறையில் பக்கத்து வீட்டுக்காரி எழுதி ஒட்டிய கடுமையான சீட்டு, தனக்கு வருகிற கெட்ட கனவு, எல்லாம். அவர் நின்றுகொண்டேயிருந்தார். நாற்பது நிமிடம். இடையில் எங்கோ ஓரிடத்தில் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

ஃபோனை வைத்துக் கால் மணி நேரத்தில் அக்கா வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். சுபா எடுத்தவள் என்றார் அண்ணை. பெண் பிள்ளை என்றார்.

"ஆர் மாதிரி இருக்கிறாளாம்?"

"தெரியாது."

"எவ்வளவு நிறை? பல்லு முளைச்சிட்டுதோ?"

"கேக்கேல்லை."

"பேர்? பேர் என்ன வச்சிருக்கினம்?"

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளை, குட்டி என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுவும் கேக்கேல்லை."

"பேரைக்கூடக் கேக்காமல் இவ்வளவு நேரமும் என்னதான் கதைச்சனீங்கள்?"

"அவள் கதைச்சவள்" என்றார். "நாளைக்கும் இதே நேரம் எடுக்கிறனெண்டு சொன்னவள். நீர் கேளும்."

அக்கா வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஃபோனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேட்க வேண்டியவற்றை எழுதிவைக்க ஒரு பேனை தேடத் தொடங்கினார். அவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.